சுபமாக முடிகிறவை மட்டும்

இன்றைக்கு வருகிறாராம். நான் உள்ளே வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் நூலகர் மாசிலாமணி சார் சொல்லிவிட்டார், "நம்ம நாச்சிமுத்தண்ணன் போன் பண்ணுனாருங்க அம்சவேணி. கைல ஒரு புக்கு நின்னு போச்சாம், சாயங்காலமாக் கொண்டாந்து குடுத்தர்றேன்னாரு." கொடுத்துவிட்டு வேறு எடுப்பாரா, கொடுப்பதோடு சரியா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. நாற்பதைத் தாண்டிய, கல்யாணம் ஆகாத ஒருத்தி, பெண்டாட்டியைப் பறிகொடுத்த ஒருவர் புத்தகம் எடுப்பாரா மாட்டாரா என்று துருவித் துருவிக் கேட்டால் மாசிலாமணி சார் கடலை மெல்வதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். அவர் நிமிர்ந்தால் உடுமலைப்பேட்டையே நிமிர்ந்த மாதிரி. அதனால் "அப்படிங்களா" என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டு ஜன்னலோர நாற்காலிக்கு வந்து வாரப் பத்திரிகை ஒன்றை விரித்து வைத்துக்கொண்டேன். விரித்த பக்கத்தில் வெண்டைக்காய் மோர்க்குழம்பு. வந்ததிலிருந்து மோர்க்குழம்பைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கணவாய் வழியாக வருகிற ஆடிக் காற்று ஜன்னல் கதவைப் பிடித்து அடிக்கிறது, ஒவ்வொரு அடிக்கும் வாசலைப் பார்க்கிறேன், பார்த்துவிட்டு மறுபடி மோர்க்குழம்பு. அவர் மனைவி கோகிலா இறந்துவிட்டாள். நான் அவளை ஒரு நாளும் பார்த்ததில்லை. அவர் கையில் நின்று போன அந்தப் புத்தகம் நான் எடுத்துக் கொடுத்தது. அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிவதற்கு முன்னால் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்து என்ன நினைத்திருப்பார்கள், அவர் என்ன நினைத்திருப்பார், இது ஒன்றுதான். வேறெதுவும் எனக்கு வேண்டாம், இது ஒன்றை மட்டும் அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டால் போதும் என்று தோன்றுகிறது. பொய். போதாது. ஆனால் ஆரம்பத்தில் அப்படித்தானே சொல்லிக்கொள்ள வேண்டும்.

அந்த அலமாரிப் பக்கம் ஆம்பளைகள் வரமாட்டார்கள். சரித்திரம், துப்பறிவது, ஜோசியம், பசுமாடு வளர்ப்பு என்று எல்லா அலமாரிக்கும் போவார்கள், குடும்ப நாவல் என்று பெயிண்டில் எழுதிய அந்தக் கடைசி அலமாரியை மட்டும் கழிப்பறையில் பெண்கள் பக்கத்தைத் தாண்டிப் போகிற மாதிரி தலையைத் திருப்பிக்கொண்டு தாண்டுவார்கள். குடும்ப நாவலாம். அதில் குடும்பம் எங்கே இருக்கிறது, அத்தனையும் காதல். எஸ்டேட் முதலாளி, மூக்கு மேல் கோபம், சின்ன வயதில் ஒரு காயம், வேலைக்கு வந்த ஏழைப் பெண், மழை. பெயர்களில் ஒரு நிலவோ ஒரு தென்றலோ இல்லாவிட்டால் அச்சடிக்கவே மாட்டார்கள் போல. அந்த அலமாரி முன்னால் ஒரு சனிக்கிழமை, ஒயர் கூடையும் கையுமாக ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். ஒல்லி, உயரம், நரைத்த கிருதா, மில்லில் மெஷின் பழுது பார்க்கிற பிட்டர் வேலை என்று பிறகு தெரிந்தது, நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு சோப்புப் போட்டும் போகாமல் இருந்தது. ஒரு புத்தகத்தை எடுப்பார், அட்டையில் ஒருத்தி ஒருத்தன் மார்பில் சாய்ந்திருப்பாள், சட்டென்று வைத்துவிடுவார். என் பக்கம் திரும்பி, "ஏனுங்க அம்மிணி, இதுல எதுங்க நல்லா முடியும்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அந்த அலமாரி முன்னால் யாரும் என்னிடம் அவ்வளவு சரியான கேள்வி கேட்டதில்லை. வீட்டில் சம்சாரத்துக்குக் கை கால் விழுந்துவிட்டதாம், முன்னே அவர்களே பகல் வேளையில் வந்து வாரம் தவறாமல் எடுப்பார்களாம், இப்போது புத்தகத்தைப் பிடிக்கக் கை வரவில்லை, ஷிப்டு முடிந்து வந்து இவர்தான் வாசித்துக் காட்டுகிறார். போன வாரம் தெரியாமல் ஒன்றை எடுத்துப் போய், கடைசியில் கதாநாயகி செத்துப்போக, அவர்கள் ரெண்டு நாள் கஞ்சி குடிக்கவில்லையாம். "சுபமா முடியறதா மட்டும் பாத்துக் குடுங்க அம்மிணி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." அன்றிலிருந்து கடைசிப் பக்கம் பார்ப்பது என் வேலை ஆயிற்று. நான் எனக்கென்று எடுக்கும்போது ஒரு நாளும் பார்த்ததில்லை. முடிவை முன்னாலேயே பார்ப்பது எனக்குப் பிடிக்காது. அவருக்காகப் பார்த்தேன். கோகிலாவுக்காக என்றும் சொல்லலாம், அதிலும் உண்மை கொஞ்சம் உண்டு.

கோகிலாவை எனக்கு அதற்கு முன்னாலேயே தெரியும், அது அவருக்குத் தெரியாது. இந்த அலமாரியில் எடுக்கிற பெண்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. எல்லாக் கதையும் ஒரே மாதிரி இருப்பதால், இதைப் படித்தோமா இல்லையா என்று நாற்பது பக்கம் போன பிறகுதான் உறைக்கும். அதற்காக ஒவ்வொருத்தியும் தனக்கென்று ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, அதில் யாருக்கும் தெரியாத மாதிரி ஒரு அடையாளம் போட்டுவிடுவாள். ஒருத்தி பூ வரைவாள், ஒருத்தி முருகா என்று எழுதுவாள். நான் ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பேன். என் புள்ளி இருக்கிற பக்கத்திலேயே, பெரும்பாலான புத்தகங்களில், பென்சிலில் 'கோ' என்று ஒரு எழுத்து இருக்கும். யாரடி இவள், எனக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் தின்று முடிக்கிறாள் என்று எரிச்சலாக இருக்கும். சில புத்தகத்தில் என் புள்ளி இருந்து அவள் எழுத்து இல்லாவிட்டால் ஒரு சந்தோஷம், நான் முந்திவிட்டேன். அவர் வந்து பெயரைச் சொன்னதும்தான், அட நீதானா என்று இருந்தது. அதனால் கோகிலா படித்தது எது படிக்காதது எது என்று பார்த்து எடுப்பதில் எனக்குச் சிரமம் இல்லை. அவளுக்கு டாக்டர் கதாநாயகன் பிடிக்கும், போலீஸ் பிடிக்காது. ஊட்டியில் நடந்தால் பிடிக்கும். அவர் சொல்லித் தெரிந்தது பாதி, பென்சில் சொல்லித் தெரிந்தது பாதி. ஒரு பெண்ணுக்கு எப்பேர்ப்பட்ட ஆண் பிடிக்கும் என்று அவள் புருஷனை விட எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதே ரசனை எனக்கும் இருந்ததுதான் வினை. டாக்டரும் வேண்டாம் ஊட்டியும் வேண்டாம், அவளுக்கு வாய்த்தவரே போதும் என்று நான் எப்போது நினைக்க ஆரம்பித்தேன்? தெரியவில்லை. இந்தச் சனிக்கிழமை என்று இல்லை, இந்த வார்த்தை என்று இல்லை. பால் எப்போது தயிராகிறது என்று உட்கார்ந்து பார்த்தவர்கள் யார்.

வாசிப்பதைப் பற்றித்தான் அவர் பேசுவார். "எழுத்துக் கூட்டித்தானுங்க அம்மிணி வாசிக்கறேன். அவளுக்கு அது பத்தறதில்ல. ஆம்பள பேசறப்ப ஆம்பள மாதிரி, பொம்பள பேசறப்ப பொம்பள மாதிரி வாசிக்கோணுமாம். நான் எங்கங்க போறது அந்தக் குரலுக்கு." சொல்லிவிட்டு நெற்றியைத் துடைப்பார். ஆனால் ஆம்பள பேசுகிற இடத்தை அவர் எப்படி வாசிப்பார்? இந்தக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. நான் வேலை செய்வது பத்திர ஆபீஸுக்கு எதிரே, ஆவண எழுத்தரிடம். பகலெல்லாம் கிரயப் பத்திரம் டைப் அடிப்பேன், யாதொரு வில்லங்கமும் இல்லை என்று அடிக்கும்போதே மனசு வேறெங்கோ போய்விடும். மணி இவ்வளவு, இந்நேரம் ஷிப்டு முடிந்து குளித்திருப்பார், நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டிருப்பார், கண்ணாடியை மாட்டியிருப்பார். நான் கொடுத்த நாவலில் எட்டாவது அத்தியாயத்துக்கு வந்திருப்பார். எட்டாவதில்தான் கதாநாயகன், அந்த முரடன், முதல் தடவையாக வாய் திறந்து, நீ இல்லாத வீட்டுக்குத் திரும்பி வர எனக்குப் பயமாக இருக்கிறது என்பான். அதை எழுத்துக் கூட்டி, இடையிலே மூச்சு வாங்கி, அவர் சொல்லியிருப்பார். யாரிடம்? கோகிலாவிடம்தான். அவர் பெண்டாட்டி, அவர் சொல்கிறார், உனக்கென்ன. எனக்கென்ன என்றால், அந்த வாக்கியத்துக்காகத்தான் நான் அந்தப் புத்தகத்தை எடுத்தேன். இதை ஒளிக்க என்ன இருக்கிறது. கொஞ்ச நாளாகவே நான் கோகிலாவுக்குப் பிடித்ததைப் பார்த்து எடுப்பதை விட்டுவிட்டு, அவர் வாயால் எதைச் சொல்லிக் கேட்க எனக்கு ஆசையோ அதைப் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தேன். கேட்கப் போவது நானில்லை. ஆனாலும் அந்த வார்த்தைகள் ஒரு தடவையாவது அவர் நாக்கில் பட்டிருக்குமே. சனிக்கிழமை அவர் வந்து, "போன வாரத்துது நல்லா இருந்துச்சுங்க" என்றால் எந்த இடம் என்று கேட்கமாட்டேன். வீட்டுக்குப் போய் அந்தப் பக்கத்தை நானே மெல்ல வாய்விட்டு வாசித்துப் பார்ப்பேன், எழுத்துக் கூட்டி. அண்ணி எட்டிப் பார்த்து, "அத்தை பரிட்சைக்குப் படிக்கறாங்களா" என்று தன் பிள்ளைகளிடம் கேட்பாள். சிரிக்கட்டும்.

அண்ணா என்று கூப்பிட்டிருக்க வேண்டும், முதல் நாளே. தக்காளி வண்டிக்காரர் அண்ணா, பஸ் கண்டக்டர் அண்ணா, என்னை விடப் பத்து வயது சின்னவனான கேபிள்காரன் கூட அண்ணா. இந்த ஊரில் ஒரு பெண் ஒரு ஆணிடம் பேச அந்த ஒரு வார்த்தை இருந்தால் போதும், கதவைத் திறந்து வைத்துக்கொண்டே தாழ்ப்பாள் போட்ட மாதிரி. முதல் நாள் அவர் கேட்ட கேள்விக்குச் சிரித்ததில் அந்த வார்த்தை தவறிப் போயிற்று. அடுத்த வாரம் சொல்லலாம் என்று இருந்தேன், அடுத்த வாரம் சொல்ல வரவில்லை. பிறகு சொல்லக் கூடாது என்று ஆகிவிட்டது. வாங்க, இதை எடுத்துக்கங்க, பரவால்லீங்க என்று வெறும் 'ங்க'வை வைத்துக்கொண்டே ரெண்டு வருஷத்தை ஓட்டியிருக்கிறேன், அது எவ்வளவு சாமர்த்தியம் என்று பேசிப் பார்த்தால்தான் தெரியும். அவர் என்னை அம்மிணி என்கிறார். மகளையும் அம்மிணி என்பார்கள், கொளுந்தியாளையும் அம்மிணி என்பார்கள், பேங்கில் கியூவில் முன்னால் நிற்பவளையும் அம்மிணி என்பார்கள், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு தடவை, எனக்கு வந்த கிறுக்கில், டைப் அடிக்கிற இடத்தில் உட்கார்ந்து மனசுக்குள் ஒரு சொத்து விவரம் எழுதினேன். அண்ணிக்குக் கிழக்கு, மாசிலாமணி சாருக்கு மேற்கு, என் வயதுக்கு வடக்கு, கோகிலாவுக்குத் தெற்கு, இதன் மத்தியில் உள்ள ஆசை. அளவு தெரியவில்லை. சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள யாருக்கும் பாத்தியமில்லை. எழுதிவிட்டு, நிஜப் பத்திரத்தில் கோகிலா பெயரை டைப் அடித்துவிட்டேனோ என்று ரெண்டு முறை திருப்பிப் பார்த்தேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் உண்டு, ஒன்று நிச்சயமாகிப் பூ வைத்த பிறகு முறிந்தது, அதன் பிறகு அப்பா படுத்துவிட்டார், அவர் எழுந்திருக்காமலே போனார், அதற்குள் கேட்பவர்கள் கேட்பதை விட்டுவிட்டார்கள். இதில் கதை ஒன்றும் இல்லை. ஆசை மட்டும் வயது பார்த்து வருகிறதா என்ன, அது பாட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்தச் சனிக்கிழமை நான் ஏன் அப்படி இருந்தேன். பைண்டிங்குக்குப் போன புத்தகங்கள் திரும்பி வந்து மேஜையில் குவிந்திருந்தன, பசை வாசம் மூக்கில் ஏறிற்று. மெலிசான மாத நாவல்களை ரெண்டு ரெண்டாகச் சேர்த்து ஒரே அட்டைக்குள் தைத்துவிடுவார்கள், அது எனக்குத் தெரியாதா, இந்த நூலகத்துக்கு நான் பாவாடை கட்டிய நாளிலிருந்து வருகிறேன். ரெட்டைக் கட்டு என்றால் நடுவிலும் ஒரு முடிவு இருக்கும், பிரித்துப் பார்க்க வேண்டும், ரெண்டும் சுபமா என்று பார்த்துத்தான் கொடுப்பேன். அன்றைக்கு காலிகோத் துணி ஒட்டிய ஒரு பச்சை அட்டையை எடுத்தேன், கனமாக இருந்தது. முன்னால் இருந்த தலைப்பு மேல் ஒரு தடவை கண் ஓடிற்று, கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். தாலி ஏறி, மழை விட்டு, அவன் அவள் காதில் ஏதோ சொல்ல, அவள் சிரித்தாள். நல்லது. அந்த நேரத்தில் அவர் கேட்டார், "சாப்டீங்களா அம்மிணி? மொகம் வாடியிருக்குது." அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை. யாரும் யாரையும் கேட்கிற கேள்வி. ஆனால் என் முகம் வாடியிருப்பதை ஒருவர் பார்த்துச் சொல்லி எத்தனை காலம் ஆயிற்று, சாப்டேனுங்க என்று பொய் சொல்லிக்கொண்டே புத்தகத்தை மூடி நீட்டிவிட்டேன். நடுவைப் பிரிக்கவில்லை. கூடையில் மருந்துச் சீட்டுக்கும் அரைக்கீரைக் கட்டுக்கும் இடையில் வைத்து அவர் கொண்டு போனார். நான் அன்றைக்கு வீடு வரைக்கும் பஸ் ஏறாமல் நடந்தே போனேன், காரணம் கேட்டால் காற்று நன்றாக இருந்தது என்று சொல்லியிருப்பேன்.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதே பைண்டிங் குவியலில் மெலிசான ஒற்றைப் பிரதி ஒன்று தனியாகக் கிடந்தது, பெயரைப் பார்த்தேன், பச்சை அட்டைக்குள் முதலில் இருந்த தலைப்பு இதுதானே என்று அப்போதுதான் பொறி தட்டிற்று. பெயரைச் சொல்ல இப்போதும் வாய் கூசுகிறது, அதிலும் ஒரு நிலவு. நின்றுகொண்டே படித்தேன். படுத்த படுக்கையான மனைவி. அவளைப் பார்த்துக்கொள்ள வருகிற, கல்யாணமாகாத, அமைதியான பெண். கடைசி அத்தியாயத்தில் மனைவி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துத் தன் புருஷன் கையில் வைத்து, இவரை நீ பார்த்துக்கொள் என்று சொல்லிக் கண்ணை மூடுகிறாள். அலமாரியைப் பிடித்துக்கொண்டேன். எதை வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டாரோ அதைக் கொடுத்தாயிற்று, அது போதாதென்று உள்ளே என்னையே எழுதி வைத்துக் கொடுத்தாயிற்று. அவர் அதை எழுத்துக் கூட்டி வாசித்திருப்பாரே, ஒவ்வொரு எழுத்தாக. கல்யாணமாகாத என்று வாசிக்கும்போது நிமிர்ந்திருப்பாரா? கோகிலா என்ன, முட்டாளா? என் புள்ளிக்குப் பக்கத்தில் தன் எழுத்தைப் போட்டவள் அவள், ஒரு புத்தகத்தை ஒருத்தி எதற்கு எடுப்பாள் என்று அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும். அதற்கு அடுத்த வாரம் மாசிலாமணி சார் சொன்னார், "கோகிலாம்மா தவறிட்டாங்களாமுங்க." எல்லோரும் போனார்கள், நூலகத்தில் பேப்பர் படிக்க வருகிற பென்ஷன்காரர்கள் கூடப் போய் வந்தார்கள். நான் போகவில்லை. போனால், செத்தவளுக்கு நீ யார் என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டாலும் அவர் பார்ப்பார். அந்தப் பார்வையில் நீதானே என்று இருந்துவிட்டால்? அதை விட மோசம், ஒன்றுமே இல்லாமல், வாங்க அம்மிணி என்று மட்டும் இருந்துவிட்டால்?

எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். இப்போதே போய்விடலாம், மோர்க்குழம்பை மூடி வைத்துவிட்டு. வந்தால் என்ன சொல்வேன். எனக்குத் தெரியாதுங்க, சத்தியமாகத் தெரியாதுங்க, நடுவில் பார்க்க மறந்துவிட்டேன். அது நிஜம், அதைச் சொன்னால் அவர் நம்புவார், நல்ல மனிதர். நம்பிவிட்டால் முடிந்தது. தெரியாமல் நடந்தது, அம்மிணிக்கு அப்படியொன்றும் எண்ணமில்லை என்று நிம்மதியாகப் போய்விடுவார், கார்டைச் சரண்டர் செய்துவிட்டு. நிரபராதி என்று தீர்ப்பாகிவிட்டால் எனக்குக் கிடைப்பது அந்தத் தீர்ப்பு ஒன்றுதான். சொல்லாமல் இருந்தால்? கோகிலாவின் சாவுக்காக அலமாரியில் கை நீட்டிக் காத்திருந்தவள் என்று ஆகும். சீ. அப்படி நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. நினைத்ததில்லையா? அவள் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன், அவள் நன்றாக இருந்தால்தான் அவர் வருவார். அவள் எழுந்து நடமாட வேண்டும் என்று நினைத்ததில்லை, நடமாடினால் அவளே வந்து எடுத்துக்கொள்வாள். அவள் இருந்த இடத்திலேயே, படுத்த நிலையிலேயே, நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இது மட்டும் நல்ல எண்ணமா. காற்றில் கதவு திறக்கிறது, ஒயர் கூடை, இல்லை, பால்காரம்மா மகள் பொது அறிவுப் புத்தகத்துக்கு வந்திருக்கிறாள். அவர் என்னைப் பார்க்காமலே கவுண்டரில் கொடுத்துவிட்டுப் போய்விடவும் கூடும். ஜன்னலோரம் நான் இருப்பது வாசலிலிருந்து தெரியுமா? நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டேன். ஓடிப்போக நினைக்கிறவள் செய்கிற காரியமா இது.

வந்துவிட்டார். கூடை இல்லை. கையில் அந்தப் பச்சை அட்டை மட்டும், மஞ்சள் பையில் சுற்றி. தாடி விட்டிருந்தார், சட்டைக் காலர் கழுத்துக்குப் பெரிதாக இருந்தது. மாசிலாமணி சார் எழுந்து நின்று ரெண்டு வார்த்தை ஆறுதல் சொன்னார், புத்தகத்தை வாங்கிக்கொண்டார், "புதுசு எதாச்சும் பாக்கறீங்களா" என்று கேட்டார், அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அது எனக்குத் தெரிந்தது. வேண்டாம். சரி, முடிந்தது என்று நான் மோர்க்குழம்பைப் பார்க்கத் திரும்பியபோது அவர் நேரே என் மேஜைக்கு வந்தார். வந்து நின்றார். "வாங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "வாசிச்சனுங்க அம்மிணி. மொதக் கதைய." நான் எழுந்துவிட்டேன். "எனக்குத் தெரியாதுங்க. கடைசிப் பக்கம் பாத்தேன், அது ரெண்டாவது கதையோடதுங்க, நடுவுல ஒண்ணு இருந்தது நான் பாக்கவே..." அவர் கையை லேசாகத் தூக்கினார். "தெரியுமுங்க. நீங்க தெரியாமத்தான் குடுத்திருப்பீங்கன்னு அவகிட்டயும் சொன்னேன். அவ நம்பல." உட்காருங்க என்று சொல்லத் தோன்றி, சொன்னேன். ரெண்டு வருஷத்தில் நாங்கள் நின்றுகொண்டேதான் பேசியிருக்கிறோம். அவர் எதிர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார், பேப்பர் படிக்கிற பென்ஷன்காரர் ஒருவர் தள்ளி இருந்தார், காற்று அடித்ததில் அவருக்குக் கேட்டிருக்காது. "கோவமுங்க அம்மிணி. அப்படியொரு கோவம். கைய ஒசத்த மாட்டாத இருந்தவ, போர்வையத் தள்ளிவிட்டா. யாரவ, என்ன வயசு, கண்ணாலம் ஆச்சா, எங்க வேல. கேட்டதுக்கெல்லாம் சொன்னேன். எப்படி இருப்பான்னு கேட்டா." தன் கையைப் பார்த்துக்கொண்டார். "அதையும் சொன்னேன். ஏமாத்தோணும்னு எனக்குத் தோணலீங்க. அவ கேக்கக் கேக்கச் சொன்னேன். அப்பறம் அவ கேக்கறத நிறுத்திட்டா. நான்தான் நிறுத்தலீங்க."

முதலில் வந்தது சந்தோஷம். அதை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன், அடிவயிற்றிலிருந்து கிளம்பி முகமெல்லாம் பரவியது, என்ன சொன்னீர்கள், என்னைப் பற்றி எதை எதையெல்லாம் சொன்னீர்கள், நிறுத்தாமல் சொல்வதற்கு என்னிடம் என்ன இருந்தது என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்கிக் கேட்க வேண்டும் போல இருந்தது. அப்புறம்தான் மற்றது வந்தது. அந்தக் கட்டில், அதில் அவள், அவள் புருஷன் நாற்காலியில் உட்கார்ந்து கையில் புத்தகம் இல்லாமல் சரளமாகப் பேசிக்கொண்டிருக்கிறான், எழுத்துக் கூட்டாமல். அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். "அதுக்கப்பறம் எங்கிட்டப் பேசலீங்க. கஞ்சி குடுத்தா குடிச்சா, மாத்திர குடுத்தா முழுங்குனா. பேசல. போற வரைக்கும் பேசல." அவர் குரல் உடையவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "மகன்கிட்டச் சொல்ல முடியுங்களா. யார்கிட்டயாவது சொல்லிப்போட்டுப் போலாம்னுதான் வந்தேன். உங்ககிட்டத்தான் சொல்லோணும்னு பட்டுது. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல." எழுந்திருக்கப் போனார். எனக்கு அந்த நிமிஷம் தெரிந்தது, என்னை விடுவித்துவிட்டுப் போகிறார். நான் சும்மா இருந்தால் போதும், நான் நல்லவள், அவள் சந்தேகக்காரி, அவர் மட்டும் பாவி, அப்படியே காலத்துக்கும் இருந்துவிடும். கோகிலாவைப் பொய்யாக்கிவிட்டு நான் நல்லவளாக இருக்க வேண்டுமா? "புஸ்தகம் தெரியாமக் குடுத்ததுதானுங்க" என்றேன். "ஆனா அவங்க நெனச்சது தப்பில்லீங்க." அவர் என்னைப் பார்த்தார். இவ்வளவு நாளில் இல்லாத மாதிரி நேராகப் பார்த்தார், நானும் தலையைக் குனியவில்லை. அவர் முகம் மெல்லக் கோணியது, உதடு இழுத்துக்கொண்டது, காலி மஞ்சள் பையை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டு அவர் அழுதார். தோள் குலுங்க, இத்தனை பேர் இருக்கிற இடத்தில், "கோகிலா, அய்யோ கோகிலா" என்று. பென்ஷன்காரர் பேப்பரை இறக்கினார். மாசிலாமணி சார் நிமிர்ந்து பார்த்தார், கடலை மெல்வதை நிறுத்திவிட்டு என்னைத்தான் பார்த்தார். பார்க்கட்டும். நான் மேஜையைச் சுற்றிக்கொண்டு போய் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் அவளுக்காக அழுதுகொண்டிருந்தார், நான் எழுந்து போகவில்லை.